மூன்று தரம் மெழுகிய சுவர்

அந்த அக்காவின் வீட்டை நான் முழுசாகப் பார்த்தது வீட்டுக்கு வெளியேதான்.

பாலைமரத்தின் கீழே முழு வீடும் இருந்தது. சுவரும் கூரையும் மட்டும் இல்லை. கட்டில் கிடந்தது, அதன் தலைமாட்டில் பெட்டகம். நாலு முழம் தள்ளி, குசினி இருக்கவேண்டிய இடத்தில் சட்டிபானைகள் அடுக்குக் குலையாமல் இருந்தன. அம்மிகூட வந்திருந்தது. எது எந்த அறைக்கு உரியது என்று பிறகு தடுமாறக்கூடாதென்று நிலத்தில் கோடு கீறி அறைகளையும் பிரித்திருந்தார். நான் முதுகில் மருந்துத் தாங்கியோடு குறுக்கே நடந்தேன்.

“தம்பி, சுவருக்குள்ளாலை நடக்கிறீர். வாசலாலை வாரும்.”

குனிந்து பார்த்தேன். காலுக்குக் கீழே கோடு. பின்னால் போய், இல்லாத வாசலால், இல்லாத கதவுநிலையில் தலை இடிபடாமல் குனிந்துகொண்டு உள்ளே வந்தேன். கட்டிலில் இருந்த சின்னப்பிள்ளை, ஆறு வயது இருக்கும், கைகொட்டிச் சிரித்தது. தாய் சிரிக்கவில்லை.

வீட்டைத் திரும்பிப் பார்த்தால் கதவும் இல்லை. பிணைச்சலோடு கழற்றி மரத்தில் சாத்தி வைத்திருந்தது.

“என்னக்கா, கதவையும் கழட்டிப்போட்டியள்?”

“வீட்டிலை உள்ள எல்லாத்தையும் வெளியிலை எடுக்கச் சொல்லி நீர்தானே நேற்றுச் சொன்னீர். கதவு வீட்டிலை உள்ளதில்லையோ?”

அப்போது நான் மலேரியா மருந்து அடிக்கிறவன். காடு வெட்டி, வாய்க்கால் கட்டி, யாழ்ப்பாணத்துச் சனத்தைக் கொண்டுவந்து வன்னியில் குடியேற்றிய காலம் அது. வயலுக்குத் தண்ணீர் வருமுன்னமே நுளம்பு வந்து குடியேறிவிட்டது. பின்னேரமானால் வீட்டுக்கு ஒருவராவது சாக்கைப் போர்த்துக்கொண்டு நடுங்குவார்கள். நாங்கள் லொறியில் வந்து இறங்குவோம். வெள்ளைத் தூளைத் தண்ணீரில் கரைத்து, சுவர் முழுக்க விசிறுவோம். ஆளைக் கடித்து வயிறு நிறைந்த நுளம்பு இளைப்பாறச் சுவரில் குந்தும். குந்தினால் சரி, அதன் கதை முடிந்தது. ஆறு மாதத்துக்கு அந்தச் சுவர்தான் வீட்டுக்குக் காவல்.

எனக்கு இந்த வேலை கிடைத்தது படிப்பால் அல்ல. பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் ஒரு குளம் இருந்தது. நான் குளத்தோடு நின்றுவிட்டேன். ஆள் எடுத்த அன்று, நிறைந்த தாங்கியை ஆர் சுமப்பான் என்று ஓவசியர் கேட்டார். தலையில் ஒரு பாரமும் இல்லாததால் என் முதுகில் நல்ல இடம் இருந்தது. ஒரு கிழமை போக, என் வாயும் சும்மா கிடக்காது என்று கண்டுபிடித்துவிட்டார். “நீ முதல் நாளே வீடு வீடாய்ப் போய்ச் சொல்லு” என்று மூன்று வசனம் பாடமாக்கித் தந்தார்.

“ஒண்டு, நாளைக்குக் காலமை வீட்டிலை உள்ள எல்லாத்தையும் வெளியிலை எடுத்து வையுங்கோ. ரெண்டு, தண்ணி சாப்பாட்டை மூடிவையுங்கோ, சுவர் காயுமட்டும் பிள்ளை, கோழி, நாய் ஒண்டும் உள்ளை போகக்கூடாது. மூண்டு, நாங்கள் திரும்பி வருமட்டும் ஆறு மாதத்துக்குச் சுவரை மெழுகக்கூடாது.”

முதல் இரண்டும் முதல் நாள் சொல்வது. மூன்றாவதை, மருந்து அடித்து முடித்துப் படியால் இறங்கும்போது சொல்லவேண்டும். முதல் இரண்டையும் சனம் கேட்கும். மூன்றாவதைச் சொன்னால் சண்டைதான். “பொங்கலுக்கும் மெழுகாமல், மூதேவி குடியிருக்கிற வீடு மாதிரி வைச்சிருக்கிறதோ?” என்று ஒரு அம்மா தும்புத்தடியோடு என்னைப் படலைவரைக்கும் கொண்டுவந்து விட்டவர். அதற்குப் பிறகு ஆளின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். சண்டைக்கார முகம் என்றால் பகிடி ஒன்றை விட்டுவிட்டு இறங்கிவிடுவேன். பகிடி சொல்வது சுகம். தும்புத்தடியும் வராது, சில வீடுகளில் மோர்கூட வரும்.

மற்ற வீடுகளை எல்லாம் நாங்கள் போய்த்தான் வெறுமையாக்கவேண்டும். முதல் நாள் தலையாட்டின மனிதர் மறுநாள் பாயில் படுத்திருப்பார். “என்னை விட்டிட்டுச் சுத்திவர அடியுங்கோ” என்பார். முள்ளியவளைப் பக்கம் ஒரு கிழவனைக் கட்டிலோடு தூக்கி வெளியே வைத்திருக்கிறோம், ஆள் எழும்பவே இல்லை. இந்த அக்கா வேறு விதம். சொன்னதைச் செய்வார், அதோடு நிற்கமாட்டார். இன்னும் ஒன்று கூடச் செய்வார்.

தண்ணீரை மூடச் சொன்னதற்கு, இருந்த தண்ணீரை ஊற்றி, குடத்தை மினுக்கி, புதிதாக அள்ளி, மூடிக்கு மேல் துணி கட்டி, துணிக்கு மேல் கல் வைத்திருந்தார். கோழியை உள்ளே விடாதேயுங்கோ என்றதற்கு, கோழிகளைக் கூடையில் கட்டி, சைக்கிளில் ஏற்றி இரண்டு கட்டை தள்ளித் தமையன் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். சுவர் காயுமட்டும் பிள்ளை வெளியே என்றதற்கு, பிள்ளைக்கு இரண்டு நாளைக்குப் பாலைமரத்தடிதான் என்று முடிவு. அங்கேயே சோறு, அங்கேயே நித்திரை.

“ஏனக்கா இவ்வளவு கரைச்சல்?” என்று கேட்டால் ஒரே மறுமொழிதான்.

“குறை வைக்கக்கூடாது தம்பி.”

அதைச் சொல்லும்போது அவரின் கை சும்மா இருக்காது. எதையாவது துடைக்கும், இல்லாவிட்டால் பிள்ளையின் கழுத்து நூல்களை இழுத்துச் சரிபார்க்கும். பிள்ளையின் கழுத்தில் மூன்று நூல். ஒன்று அம்மன் கோயில் பூசை நூல். ஒன்று யாழ்ப்பாணத்திலிருந்து தாய்வீட்டார் குலதெய்வத்துக்கு வைத்து அனுப்பியது. மற்றது முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் சீலை கொண்டுவரும் முஸ்லிம் நானா ஓதிக்கொண்டுவந்து கொடுத்தது. “மூண்டு சாமியும் சண்டை பிடிக்கமாட்டினமோ?” என்று நானாவிடம் கேட்டேன். “பிள்ளைக்கெண்டா ஒண்டாத்தான் நிப்பாங்க” என்றார் அவர்.

இதெல்லாம் எனக்கு அப்போது பகிடியாகத்தான் இருந்தது. லொறிக்குத் திரும்பினால் அக்காவைப்போல் நடித்துக் காட்டுவேன். தாங்கியின் மூடிக்கு மூடி போட்டு, அதற்கு மேல் என் தொப்பியை வைத்து, தொப்பிக்கு மேல் கல் வைப்பேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அன்று முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனபோது அவரின் புருஷன் தண்ணீர் அள்ளி ஊற்றினார். அதிகம் கதைக்காத மனிதர்.

“அண்ணை, அக்கா எப்பவும் இப்பிடித்தானோ?”

“இல்லைத் தம்பி. ஊரிலை இருக்கேக்கை நல்லாச் சிரிப்பா.” வாளியை விட்டார். “இஞ்சை வந்த முதல் மாரியிலை மூத்தவன் போனவன். காய்ச்சல். அடுத்த மாரியிலை மற்றப் பெட்டை. ரெண்டும் அவவின்ரை மடியிலைதான். தான் ஏதோ செய்யாமல் விட்டுப்போட்டன் எண்டு அவவுக்கு மனதிலை. எதை விட்டதெண்டு தெரியாது. அதாலை எல்லாத்தையும் செய்யிறா.”

நான் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன். கழுவி முடித்தால் அவரைப் பார்க்கவேண்டி வரும்.

மருந்து அடித்து முடித்துத் திரும்பி வந்தபோது, படிக்குப் பக்கத்தில் பெரிய சட்டி நிறையச் சாணியும் களிமண்ணும் கரைத்து வைத்திருந்தார். அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். மூன்றாவது வசனம் நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

“இது என்னத்துக்கு அக்கா?”

“சுவர் காய்ஞ்ச உடனை மேலாலை மெழுகிவிட்டால் மருந்து உதிராமல் உள்ளுக்கை நிக்கும் என்ன தம்பி? மருந்தும் காவல், சாணியும் காவல்.”

அந்த முகத்தைப் பாருங்கள். சண்டைக்கார முகமே இல்லை. இரண்டு பிள்ளையைக் கொடுத்துவிட்டு மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற முகம். இவ்வளவு செய்த மனிசியிடம், நீங்கள் செய்வது பிழை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் முகம் வாடும். வாடின முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாது. பெரிய கருணைக்காரன் நான்!

“இனி உங்கடை வீட்டிலை நுளம்பு குந்தினால் வழுக்கி விழும் அக்கா” என்றேன்.

அந்த ஒரு தரம்தான் அவர் என் பகிடிக்குச் சிரித்தார். நான் மோர் குடித்துவிட்டு இறங்கினேன்.

மாரி தொடங்குகிற நேரம் அதே குடியேற்றத்துக்குத் திரும்ப வந்தோம். மருந்தடிக்க அல்ல. காய்ச்சல் கண்டவர்களின் விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் இரத்தம் எடுக்க. மறுநாள் பூநகரிக்கு மாறுவதாக ஏற்பாடு, அதனால் தாங்கியும் மருந்தும்கூட லொறியில்தான். ஓவசியர் வரிசையாக வீடுகளுக்குப் போய்வந்தார். முகம் சரியில்லை.

“உந்த வரிசையிலை ஒரே ஒரு வீட்டிலைதான்ரா காய்ச்சல். ஒரு பிள்ளைக்கு. மருந்தடிச்ச வீடு. என்னண்டு வந்தது?”

எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. கால் தானாகவே அவருக்குப் பின்னால் போனது.

பிள்ளை மரத்தடியில் சாக்குக்குள் கிடந்தது. முன்னம் கைகொட்டிச் சிரித்த பிள்ளை. கழுத்து மெலிந்து மூன்று நூலும் தளர்ந்து தொங்கின. அக்கா வீட்டுக்குள் இருந்து வந்தார். இரண்டு கையிலும் முழங்கைவரை சாணி.

ஓவசியர் உள்ளே போய், ஆணி ஒன்றை எடுத்துச் சுவரில் கீறினார். வெள்ளை இல்லை. இன்னும் ஆழமாகக் கீறினார். பச்சைக் களிமண் ஈரமாக உருண்டு விழுந்தது.

“ஆர் மெழுகினது?”

“நான்தான் ஐயா.” அக்காவின் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. “மருந்து காய்ஞ்ச உடனை ஒருக்கா. போன மாதம் ஒருக்கா. இண்டைக்குக் காலமை பிள்ளைக்குத் திரும்பக் காய்ச்சல் எண்ட உடனை இன்னொருக்கா. மூண்டு தரம்.”

ஓவசியர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“அம்மா, மருந்து சுவருக்கு மேலை இருக்கவேணும். நுளம்பு காலாலை தொடவேணும். நீங்கள் மருந்தை மூடிப்போட்டியள். நுளம்புக்குப் பாய் விரிச்சுக் குடுத்த மாதிரி.” பிறகு என் பக்கம் திரும்பினார். “டேய், நீ சொல்லேல்லையோ?”

மழைக்கு முன்னால் வருகிற புழுக்கம். வாயைத் திறந்தேன். பகிடிக்கே பழகின வாய், உண்மை வெளியே வர இடம் கொடுக்கவில்லை.

“தம்பி சொன்னவர் ஐயா” என்றார் அக்கா. “நான்தான் காதிலை விழுத்தேல்லை.”

என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“சரி. பிள்ளையை இப்பவே ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகவேணும். லொறி மூண்டு மணிக்கு வெளிக்கிடும், ஏத்திக்கொண்டு போறன்.” ஓவசியர் சுவரை இன்னொருமுறை தொட்டார். “சுவருக்கு இப்ப ஒண்டும் செய்ய ஏலாது. ஈரத்திலை அடிச்சால் மருந்து வழிஞ்சு நிலத்துக்குத்தான் போகும். அடுத்த முறை பாப்பம்.”

“அடுத்த முறை எப்ப ஐயா?”

“மாரி முடிய.”

மாரி என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா சுவரில் கை வைத்துக்கொண்டார். இரண்டு மாரி இரண்டு பிள்ளையைக் கொண்டுபோனது. இது பிழைத்து வந்தாலும் இதே சுவருக்குள்தான் வந்து படுக்கும்.

“ஈரத்தைச் சுரண்டினால்?” என்றார். “உள்ளுக்கை காய்ஞ்ச சுவர் வருமட்டும் சுரண்டினால் அடிப்பியளோ?”

“மூண்டு மணிக்கிடையிலை நாலு சுவரும் சுரண்டவோ?”

மறுமொழிக்கு அவர் நிற்கவில்லை. “இஞ்சாருங்கோ!” என்று வயல்பக்கம் புருஷனைக் கூப்பிட்ட குரலில் நாரைகள் எழும்பிப் பறந்தன.

வீட்டை வெறுமையாக்குவதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப்போல ஒருநாளும் பார்க்கவில்லை. கோடும் இல்லை, அறையும் இல்லை. பெட்டகத்தைக் கவிழ்த்து இழுத்தோம். சட்டிகள் முற்றத்தில் உருண்டன, ஒன்று உடைந்தது, அவர் திரும்பியும் பார்க்கவில்லை. வயலிலிருந்து சேற்றுக்காலோடு ஓடிவந்த அண்ணை மண்வெட்டியை எடுத்தார். நான் அலவாங்கால் கொத்தினேன். அக்கா சிரட்டையால் சுரண்டினார். சிரட்டை வழுக்கினால் நகத்தால். காலையில் தன் கையாலேயே தடவித் தடவி மினுக்கின சுவர் அது.

பாதியில் பிள்ளைக்கு நடுக்கம் பிடித்தது. சாக்கு அடிக்கடி உதறுகிறது, பல்லுக் கிடுகிடுக்கிற சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது. அண்ணை மண்வெட்டியைக் கீழே போடப்போனார்.

“நீங்கள் விடாதேங்கோ! தம்பி, நீர் போய்ப் பிள்ளையைப் பிடியும்.”

மடியில் வைத்து இறுக்கிக் கட்டிப்பிடித்தேன். அவ்வளவு சின்ன உடம்பு என்னையும் சேர்த்து ஆட்டியது.

“மாமா, அம்மாவைக் கூப்பிடுங்கோ.”

“அம்மா இப்ப வருவா ராசாத்தி. நுளம்புக்கு வீடு கட்டிக் குடுத்துப்போட்டம், அதை இடிக்கிறா.”

சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். பிள்ளை சிரிக்கவில்லை. என் சட்டையைக் கடித்துக்கொண்டு, “அம்மா, அம்மா” என்றது. உள்ளே சுரண்டுகிற சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு முன்னையிலும் வேகமாகத் தொடங்கியது.

மூன்று சுவர் முடிந்தது. நாலாவதில் பாதி. லொறி கோர்ண் அடித்தது.

“ஒராள் பிள்ளையோடை ஏறுங்கோ” என்றார் ஓவசியர்.

அக்கா வாசலில் வந்து நின்றார். தலைமயிரெல்லாம் மண். பிள்ளையைப் பார்த்தார், திரும்பி அரைச் சுவரைப் பார்த்தார். இடுப்புக்கு மேலே சுரண்டிய வெறும் மண், கீழே பச்சை மெழுக்கு. ஒரு வேலையையும் பாதியில் விட்டறியாத மனிசி. காலை எடுத்து வைக்க ஏலாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளை இன்னொருமுறை “அம்மா” என்றது. சிரட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அதை என் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு லொறியில் ஏறினார்.

ஓவசியர் ஒரு தாங்கியையும் மருந்தையும் இறக்கி என் முன்னால் வைத்தார். “காய்ஞ்ச இடம் பாத்து அடி. முடிச்சுப்போட்டு நடந்து வா. நீ வராட்டில் நாளைக்கு வேலைக்கும் வராதை.”

லொறி அசைந்தது. பின்தட்டியில் பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி அக்கா கத்தினார்:

“தம்பி, கட்டிலுக்குப் பின்பக்கம்! மூலை நாலும்! மூலையை விட்டிடாதையும்!”

லொறி வளைவில் மறையுமட்டும் மூலை, மூலை என்று கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணையும் நானும் மிச்சச் சுவரைச் சுரண்டினோம். மூலைகளை நான் இரண்டு தரம் அடித்தேன்.

பிள்ளை பிழைத்தது. பூநகரி வேலை முடிந்து, கிடைத்த ஒரு நாள் லீவில் பஸ் பிடித்து, மிச்சம் நடந்து போனேன். பிள்ளை முற்றத்தில் நின்றது. கால் இரண்டும் குச்சி, தலைமட்டும் பெரிது. ஆனால் நின்றது. வீட்டுச் சுவர் முழுக்கக் கீறலும் கொத்தலும், அதற்கு மேல் வெள்ளைக் கறை. குடியேற்றத்திலேயே அலங்கோலமான வீடு அதுதான்.

அக்கா குசினியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். வழி நெடுக நான் பாடமாக்கிக்கொண்டு போனதைச் சொன்னேன்.

“அக்கா, அண்டைக்கு நான் மூண்டாவதைச் சொல்லேல்லை. சாணிச் சட்டியைக் கண்டனான். கண்டும் சொல்லேல்லை.”

“தெரியும்.”

“பிறகேன் அக்கா சொன்னதெண்டு சொன்னனீங்கள்?”

சுளகு நிற்கவில்லை. “அந்த மனுசன் உம்மைக் கலைச்சுவிட்டால் அந்தச் சுவருக்குத் திரும்ப மருந்தடிக்க எனக்கு ஆள் வேண்டாமோ?”

மன்னிப்பைத் தேடி அவ்வளவு தூரம் நடந்துவந்தேன். கிடைத்தது இது. நியாயமான மறுமொழிதான்.

“தம்பி, நீர் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பன். நீர் சொன்ன எதை நான் செய்யாமல் விட்டனான்?”

அதற்கு என்னிடம் பகிடி இல்லை.

“இப்ப சொல்லும் அந்த மூண்டாவதை.”

“நாங்கள் திரும்பி வருமட்டும், ஆறு மாதத்துக்குச் சுவரை மெழுகக்கூடாது.”

“இன்னொருக்காச் சொல்லும்.”

சொன்னேன். கோயிலில் கேட்பதுபோலக் கேட்டார்.

“மெழுகாமல் விட்டால் காணுமோ? வேறை ஒண்டும் செய்யத் தேவையில்லையோ?”

“தேவையில்லை அக்கா. ஒண்டும் செய்யாமல் விட்டால் காணும்.”

சுளகைக் கீழே வைத்தார். முற்றத்துப் பிள்ளையைப் பார்த்தார்.

“முந்தினதுகள் ரெண்டும் இருக்கேக்கை, மருந்து அடிச்சவையோ இஞ்சை?”

“இல்லை அக்கா. இந்தப் பக்கத்துக்கு முதன்முதல் மருந்து கொண்டுவந்ததே நாங்கள்தான். அப்ப மருந்தே வரேல்லை.”

“மருந்தே வரேல்லை” என்றார்.

பிறகு அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கதவுநிலையில் சாய்ந்து, சும்மா இருந்தறியாத இரண்டு கையையும் மடியில் மல்லாத்திப் போட்டுவிட்டு அப்படியே இருந்தார். அரிசியில் கோழி வாய் வைத்தது. கலைக்கவில்லை. நானும் கலைக்கவில்லை.